வந்து படித்தவள்

எம்.எட். தானே? சேர்த்துவிடுங்கள் அண்ணாச்சி. இதற்குப் போய் இவ்வளவு யோசனையா? போனில் நீங்கள் பேசியது காதில் விழுந்தது. ஒட்டுக் கேட்கவில்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு காதைப் பொத்திக்கொள்ள முடியாதே. மருமகள் பி.எட். முடித்துவிட்டாள், மேலே படிக்க ஆசைப்படுகிறாள், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தினமும் எப்படிப் போய் வருவாள் என்று உங்கள் வீட்டம்மா கேட்கிறார்கள். சரிதானா?

போக வேண்டாம். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

நான் கல்வியியல் கல்லூரிப் பேராசிரியர். பி.எட். என்றால் ஆசிரியர்களை உருவாக்குவது. எம்.எட். என்றால் அந்த ஆசிரியர்களை உருவாக்குகிறவர்களை உருவாக்குவது. நான் எம்.எட்.டுக்கு எடுக்கிறேன். அப்படியென்றால் நான் எந்தப் படியில் இருக்கிறேன் என்று நீங்களே எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பஸ் எங்கள் கல்லூரியைத் தாண்டித்தான் போகும். கல் குவாரிக்கும் கல்யாண மண்டபத்துக்கும் நடுவில் ரோஸ் கலர் கட்டடம். முன்பு ரைஸ் மில். எங்கள் தாளாளர் நெல் காயப்போட்ட களத்தில்தான் இப்போது தினமும் காலைப் பிரார்த்தனை நடக்கிறது. நடப்பதாக அட்டவணையில் இருக்கிறது.

எம்.எட்.டில் ஐம்பது இடம். ஐம்பதும் நிரம்பிவிடும். எல்லாம் வேலை பார்க்கிறவர்கள், குடும்பஸ்தர்கள். ஒருவர் மஸ்கட்டில் இருக்கிறார். சேருகிற அன்றைக்கு வருவார்கள், செய்முறைத் தேர்வுக்கு வருவார்கள், பரீட்சைக்கு வருவார்கள். நடுவில் வரமாட்டார்கள். வருகைப் பதிவேட்டைப் பருவ முடிவில் நாங்களே உட்கார்ந்து நிரப்பிவிடுவோம். எல்லோருக்கும் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல். அச்சடித்த மாதிரி ஒன்றுபோல இருக்கக் கூடாது பாருங்கள், அதனால் ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு வீட்டில் விசேஷம் என்று அங்கங்கே நாங்களே லீவு கொடுப்போம். மஸ்கட்காரருக்கு ஒரு தடவை அம்மை போட்டோம். அதில் ஒரு நேர்த்தி வேண்டும். எல்லோராலும் முடியாது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். இதில் யாருக்கு நஷ்டம், சொல்லுங்கள்? படிக்கிறவர்கள் வீட்டில் கைடு வாங்கிப் படிக்கிறார்கள். பரீட்சையைப் பல்கலைக்கழகம் நடத்துகிறது. பட்டம் அங்கிருந்து வருகிறது. நடுவில் நாங்கள் எதற்குத் தொந்தரவு கொடுக்க வேண்டும்? நிம்மதியாக நடந்துகொண்டிருந்த இடம் அண்ணாச்சி. போன வருஷம் ஒருத்தி வந்தாள். வந்தாள் என்றால், வந்தாள். தினமும்.

பெயர் இசக்கியம்மாள். முப்பத்துநாலு, முப்பத்தைந்து வயது இருக்கும். முதல் வருஷத்தை வேறு ஏதோ கல்லூரியில் படித்திருக்கிறாள், அதை மூடிவிட்டார்கள். மூடியதற்கு இவள்தான் காரணமாக இருப்பாள் என்று பிற்பாடு எனக்குத் தோன்றியது. இரண்டாம் வருஷத்துக்கு எங்களிடம் வந்து சேர்ந்தாள். சேர்ந்த மறுநாள் காலை பத்து மணிக்குக் கையில் டிபன் பாக்ஸோடு வராந்தாவில் நிற்கிறாள்.

எங்கள் முதல்வர் டாக்டர் ஆவுடையம்மாள் நல்லவர். கல்லூரி நேரத்தில் இன்ஷூரன்ஸ் பாலிசி பிடிப்பார், அதைத் தவிர ஒரு குறையும் சொல்ல முடியாது. கூப்பிட்டுப் பக்குவமாகச் சொன்னார்: வர வேண்டிய அவசியமில்லை, தேவைப்பட்டால் நாங்களே போன் பண்ணுவோம் என்று. அவள் தலையை ஆட்டிவிட்டு மறுநாளும் வந்தாள். கால அட்டவணை தயாராகவில்லை என்றார். வந்தாள். வகுப்பறைக்கு வெள்ளையடிக்கப் போகிறோம் என்றார். வந்தாள். வெள்ளையடிக்க ஒத்தாசை செய்யலாம் என்று பழைய சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். இப்படிப்பட்டவளிடம் என்ன பேசுவது?

பிறகு சுவரில் இருந்த அட்டவணையைப் பார்த்துவிட்டாள். ஆய்வுக் குழு பார்ப்பதற்காகக் கண்ணாடி போட்டு மாட்டியது. அதில் தினமும் முதல் வகுப்புக்கு நேராக என் பெயர். நேரே ஆசிரியர் அறைக்கு வந்துவிட்டாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். என் எதிரில் தத்துவம் எடுக்கிறவர் மேசையில் தலை சாய்த்திருந்தார். அவர் எப்போதும் அப்படித்தான்.

"சார், மணி பத்தாச்சு. உங்க வகுப்பு."

"எந்த வகுப்பு?"

"எம்.எட்."

"யாரும்மா இருக்கா அங்கே?"

"நான் இருக்கேன்லா சார்."

ஏன் இப்படி உயிரை வாங்குகிறாள் என்று விசாரித்தேன். அவள் ஊரில் ஓர் ஆசிரியர் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அதில் ஒரு விரிவுரையாளர் இந்த ஜூன் மாதம் ஓய்வு பெறுகிறார். அதற்குள் எம்.எட். முடித்துவிட்டால் அந்த இடம் உனக்குத்தான் என்று நிர்வாகத்தில் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஜூனைத் தாண்டினால் வேறு ஆள். அதற்காக நர்சரிப் பள்ளியில் ஏழு வருஷம் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். நான் சொன்னேன், பட்டம்தானே வேண்டும், வீட்டில் இரும்மா, பட்டம் தானாக வரும் என்று. அதற்கு அவள், "நாளைக்கு நான் அங்க போய் நின்னு சொல்லிக் குடுக்கணும்லா சார்" என்றாள்.

சொல்லிக் கொடுக்க வேண்டுமாம். நான் இருபத்திரண்டு வருஷமாகப் பேராசிரியர். எனக்கு அந்த மாதிரி எண்ணம் ஒரு நாளும் வந்ததில்லை.

சரி, ஒரு வாரம் எடுத்தால் தானே நின்றுவிடுவாள் என்று போனேன். ஐம்பது பேர் உட்காருகிற ஹாலில் முதல் பெஞ்சில் ஒருத்தி. மேடையில் ஏறினேன். வருகைப் பதிவு எடுக்கவில்லையா சார் என்றாள். எடுத்தேன். வேறு என்ன செய்ய? அவள் பெயரை நான் கூப்பிட, அவள் எழுந்து "உள்ளேன் ஐயா" என்றாள். நர்சரிப் பிள்ளைகளோடு இருந்த பழக்கம். அன்றிலிருந்து அவளுக்கு மட்டும் தினப்படி, அவள் எதிரிலேயே, மையில் குறித்தேன். அந்தப் பதிவேட்டில் அவ்வளவு சுத்தமான வரிசை வேறு கிடையாது.

என்னிடம் குறிப்புகள் இருந்தன. நான் எம்.எட். படித்தபோது என் பேராசிரியர் சொல்லச் சொல்ல எழுதியவை. அவற்றை நிறுத்தி நிதானமாக வாசித்தேன். கற்றல் என்பது நடத்தையில் ஏற்படும் மாற்றம். எழுதிக்கொண்டே வந்தவள் நிமிர்ந்தாள். "சார், எங்கிட்ட ஒரு பொண்ணு இருந்தா. வாசிக்கக் கத்துக்கிட்டா, ஆனா கத்துக்கிட்டதை யாருக்கும் காட்டமாட்டா. வாசிச்சா அடுத்த வகுப்புக்குத் தூக்கிப் போட்டுருவாங்கன்னு பயம். அவ நடத்தை மாறவே இல்லையே. அப்ப அவ கத்துக்கலையா?" என்றாள்.

இது எந்த கைடிலும் இல்லாத கேள்வி. பரீட்சைக்கு வராத கேள்வியைக் கேட்கிறவர்களைப் பற்றி என் அபிப்பிராயம் என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதோடு விட்டாளா? "நீங்க ஸ்கூல்ல எந்த வகுப்பு சார் எடுத்தீங்க?" என்று கேட்டாள். நான் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்ததில்லை. பி.எட்., எம்.எட்., நேராகக் கல்லூரி. எடுக்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. அதை ஒரு குறை மாதிரிக் கேட்டாள் பாருங்கள்.

அப்போதுதான் செமினார் கொடுத்தேன். உங்களுக்குத் தெரியாது, சொல்கிறேன். எங்கள் துறையில் இது பழைய வழக்கம். பாடத்தைத் துண்டு துண்டாக வெட்டி மாணவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுவது. அவர்கள் தயாரித்துக்கொண்டு வந்து மேடையில் பேசுவார்கள். பேராசிரியர் கீழே உட்கார்ந்து மதிப்பிடுவார். கற்போர் மைய அணுகுமுறை என்று பெயர். ஐம்பது பேர் இருந்தால் ஆளுக்கு ஒரு துண்டு. இங்கே ஆள் ஒன்றுதான். எல்லாத் துண்டையும் அவளிடமே கொடுத்தேன்.

பயந்துவிடுவாள் என்று நினைத்தேன். சந்தோஷப்பட்டாள். என்ன ஜென்மமோ.

இங்கே என் விஷயம் ஒன்றையும் சொல்ல வேண்டும். விரிவுரையாளர் தகுதித் தேர்வு என்று ஒன்று வைத்துத் தொலைத்திருக்கிறார்கள். இத்தனை வருஷம் கேட்காமல் இருந்துவிட்டுத் திடீரென்று, வருகிற ஜூனுக்குள் அதைத் தேறாதவர்களின் பெயரை அங்கீகாரப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம் என்று சுற்றறிக்கை. பெயரை எடுத்தால் வேலை போச்சு. எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவர்கூடத் தேறவில்லை. நான் பல தடவை எழுதியிருந்தேன். மனப்பாடக்காரர்களுக்கான தேர்வு அது, சிந்திக்கிறவர்களுக்கு ஒத்துவராது. அதிலும் ஆராய்ச்சி முறை, புள்ளியியல். அந்தப் பகுதியில்தான் ஒவ்வொரு தடவையும் அநியாயமாக மார்க்கைக் குறைத்தார்கள்.

அதனால் முதலில் புள்ளியியலை அவளுக்குச் செமினாராகக் கொடுத்தேன். தற்செயலாக.

தமிழ் இலக்கியம் படித்தவள் அண்ணாச்சி. கணக்கோடு ஒட்டு உறவு கிடையாது. வீட்டில் என்ன பாடுபட்டாளோ, பத்து மணிக்கு வந்து கரும்பலகைக்கு முன்னால் நிற்பாள். நான் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். மதிப்பிட வேண்டாமா? நோட்டில் குறித்துக்கொள்வேன். நடுநடுவே சந்தேகம் கேட்பேன். தெரியாமல் கேட்கவில்லை, அவளைச் சோதிப்பதற்காகக் கேட்டேன். அவளுக்கு அந்த வித்தியாசம் புரியாது. நிஜமாகவே எனக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு திரும்பவும் முதலிலிருந்து சொல்வாள். வேறு மாதிரி சொல்வாள். அப்படியும் நான் சோதித்தால் மூன்றாவது மாதிரி சொல்வாள்.

சார்ட் கிடையாது, படம் கிடையாது, கணினியில் போட்டுக் காட்டுவது கிடையாது. ஒரு கற்பித்தல் உபகரணம்கூட இல்லாமல் எடுத்தாள். முறைப்படி பார்த்தால் அதற்கே பாதி மார்க் குறைக்கலாம். திட்ட விலக்கம் என்று ஒரு பாடம். பலகையில் இரண்டு வகுப்பின் மார்க்கை எழுதினாள். ஒரு வகுப்பில் எல்லோரும் ஐம்பதை ஒட்டி. இன்னொன்றில் பாதிப் பேர் பத்து, பாதிப் பேர் தொண்ணூறு.

"ரெண்டுக்கும் சராசரி ஐம்பதுதான் சார். ரெண்டாவது வகுப்புல ஐம்பது வாங்கின ஆளு யாரு, காட்டுங்க பாப்போம்."

"யாருமில்லை."

"சராசரியைப் பாத்து அங்க பாடம் எடுத்தா, நீங்க யாருக்கு சார் எடுக்கீங்க? இல்லாத ஆளுக்கு எடுக்கீங்க. எவ்வளவு சிதறிக் கிடக்காங்கன்னு பாக்கணும். அதுதான் திட்ட விலக்கம்."

கேலி பண்ணுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. மும்முரமாகச் சூத்திரத்தை எழுதிக்கொண்டிருந்தாள். மார்க்குப் பட்டியலில் 'பரவாயில்லை' என்று போட்டேன். அதிகம் போட்டால் தலைக்கனம் வந்துவிடும்.

இப்படியே ஆடி, ஆவணி, புரட்டாசி ஓடியது. நான் ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை. ஆவுடையம்மாளே கேட்டார், என்ன சார், பத்து அடிக்கறதுக்கு முன்னாடியே பெஞ்சுல போய் உட்கார்ந்துடறீங்க என்று. அவருக்குக் கிண்டல். மாணவர்கள் மேல் அக்கறை உள்ள ஒருவரைப் பார்த்தால் சிலருக்கு அப்படித்தான் இருக்கும்.

தகுதித் தேர்வு நெருங்கியது. ஐப்பசி தொடக்கத்திலிருந்து எட்டு வாரம் லீவு போட்டேன். வீட்டில் உட்கார்ந்து என் நோட்டைப் படித்தேன். என் கையெழுத்துத்தானே, என் நோட்டுத்தான். தேர்வு முடிந்து கல்லூரிக்குத் திரும்பினால், அந்த ஹாலில் கரும்பலகை முழுக்க எழுத்து. மேலே முந்தின நாள் தேதி. நான் இல்லாத எட்டு வாரமும் அவள் தினமும் வந்திருக்கிறாள். முதல்வர் அறையில் சாவி வாங்கிக் கதவைத் திறந்து, மீதிப் பாடங்களைப் பலகையில் எழுதி, எழுதிய பலகையைத் தானே பார்த்துப் பேசியிருக்கிறாள். இது ஒரு வியாதி இல்லையா அண்ணாச்சி? உங்கள் மருமகளுக்கு இந்த மாதிரி எதுவும் இருக்காது. குழந்தை இருக்கிற வீட்டில் இதற்கெல்லாம் நேரம் ஏது?

மாசி மாதம் முடிவு வந்தது. நான் தேறிவிட்டேன். புள்ளியியல் பகுதியில் பிரமாதமான மார்க். இத்தனை வருஷம் கழித்து நியாயமாகத் திருத்தியிருக்கிறார்கள். எங்கள் தாளாளர் வராந்தாவில் எல்லோரையும் கூட்டிப் பொன்னாடை போர்த்தினார். கல்லூரி வாசலில் ப்ளெக்ஸ் வைத்தார். பேராசிரியர் சிவனணைந்த பெருமாள் என்று அந்தக் கல்யாண மண்டபத்து விளம்பரத்தைவிடப் பெரிதாக. இப்போதும் இருக்கிறது, மழையில் கொஞ்சம் கிழிந்திருக்கும். தாளாளர் சும்மா செய்யவில்லை. கல்லூரியில் தகுதி பெற்றவன் நான் ஒருவன்தான். நான் போய்விட்டால் எம்.எட். அங்கீகாரமே போய்விடும். அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் நாற்காலியிலிருந்து லேசாக எழுந்திருப்பார்.

பொன்னாடையோடு ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். முதல்வர் இருக்கிறார், எல்லோரும் இருக்கிறார்கள், லட்டு தின்றுகொண்டிருக்கிறோம். இவள் உள்ளே வந்தாள். முகமெல்லாம் பல். வாழ்த்துச் சொல்ல வந்திருக்கிறாள், ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவாள் என்று பார்த்தால், கேள்வி கேட்கிறாள்.

"சார், திட்ட விலக்கம் வந்துச்சா?"

"வந்தது."

"ரெண்டு வகுப்புக் கணக்கா?"

"அந்த மாதிரிதான்."

"எந்த வகுப்புக்கு அதிகம்னு போட்டீங்க?"

"சிதறிக் கிடக்கிற வகுப்புக்கு."

"வெரி குட்" என்றாள்.

வெரி குட். என்னைப் பார்த்து. நர்சரிப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி, தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு. ஆவுடையம்மாள் சிரித்தார், லட்டுப் புரையேறியது. எப்போதும் தூங்குகிற தத்துவக்காரர் அன்றைக்கென்று விழித்திருந்தார். அவரும் சிரித்தார். நான் ஏன் பதில் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கேட்டாள், வாயில் வந்துவிட்டது. அவள் போன பிறகு ஆவுடையம்மாள், உங்க டீச்சருக்கு ஒரு லட்டு குடுத்து விட்டிருக்கலாமே சார் என்றார். தாளாளர் காதுக்கும் போயிருக்கிறது. ஒரு வாரம் கழித்து, அந்தப் பொண்ணு நல்லா எடுக்குதாமே, பயிற்சி நிறுவனத்துக்குப் போகாட்டி நாமளே போட்டுக்கலாமா சார் என்று என்னிடமே கேட்கிறார்.

நான் இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிறவன் இல்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பிறகு நடந்ததற்கு ஆவுடையம்மாள் வேறு மாதிரி காரணம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

பங்குனியில் வருகைக் கணக்கை முடித்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும். நாற்பத்தொன்பது பேருக்கும் வழக்கம்போல நிரப்பினோம். தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றிரண்டு என்று வந்தது. மஸ்கட்காரருக்குத் தொண்ணூற்று நாலு. கடைசியாக இவள் வரிசை. என் கையால் குறித்தது. கூட்டிப் பார்த்தால் குறைகிறது. எப்படிக் குறையாமல் இருக்கும்? நான் லீவில் இருந்த எட்டு வாரமும் காலி. குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போய்விட்டது. பரீட்சை எழுத முடியாது. மறு வருஷம் திரும்பப் படிக்க வேண்டும்.

ஆவுடையம்மாள் சொன்னார், பாவம் சார், அந்த எட்டு வாரத்துக்கும் போட்டு விடுங்க, தினம் எங்கிட்டதானே சாவி வாங்கினா என்று. சாவி வாங்குவது வருகையா? ஆசிரியர் உள்ளே இருந்தால்தான் அது வகுப்பு. ஆசிரியர் இல்லாத வகுப்பில் மாணவி எப்படி வருகை தர முடியும்? சரி சார், அந்த நாற்பத்தொன்பது பேரையும் நீங்க எங்கே பார்த்தீங்க என்று மடக்குகிறார். இத்தனை வருஷ முதல்வருக்கு இந்த வித்தியாசம் தெரியவில்லை. அவர்கள் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டுச் சேர்ந்தவர்கள். அது ஒரு ஏற்பாடு. அதில் வந்தார்களா என்ற கேள்விக்கே இடமில்லை, நாம் போடுவதுதான் கணக்கு. இவள் வருகிறேன் என்று சொன்னவள். வருகிறேன் என்று சொன்னவளுக்குத்தான் வந்தாளா என்று பார்க்க வேண்டும். நான் கண்ணால் பார்க்காத நாளுக்கு என்னால் கையெழுத்துப் போட முடியாது. அந்தப் பதிவேட்டில் உண்மையான வரிசை அது ஒன்றுதான். அதையும் பொய்யாக்கச் சொல்கிறார்.

தாளாளரிடம் போனார். தாளாளர் என்னைப் பார்த்தார், நான் ஒன்றும் சொல்லவில்லை. மனசாட்சிக்கு விரோதமாகக் கையெழுத்துக் கேட்டால் வேறு கல்லூரி பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று மட்டும் சொன்னேன். சிவனணைஞ்ச பெருமாள் சார் சொல்றபடியே செஞ்சிருங்க என்று தாளாளர் முதல்வரிடம் சொல்லிவிட்டார்.

பிறகு அவள் வந்தாள். வராந்தாவில், பைக்கை எடுக்கப் போகிற நேரம்.

"சார், நான் வந்தேன் சார்."

"நான் பார்க்கலையேம்மா."

"நீங்க வரலையே சார்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கே விளங்காமல் போயிற்று, எப்படி இன்னொரு மாதிரி சொல்லலாம் என்று யோசிக்கிற மாதிரி. செமினாரில் அப்படித்தான் நிற்பாள். எனக்கு அந்தப் பார்வை பிடிப்பதேயில்லை.

"ஜூன்ல அந்த இடம் போயிரும் சார்" என்றாள்.

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்ம்மா" என்றேன். ரொம்பத் தன்மையாகத்தான் சொன்னேன்.

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழுதிருந்தால்கூட, யார் கண்டது, நான் இளகியிருக்கலாம். எனக்கு இளகிய மனசு, வீட்டில் கேட்டுப் பாருங்கள். அழவில்லை. டிபன் பாக்ஸை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். போய்விட்டாள். சித்திரையில் பரீட்சை நடந்தது. நாற்பத்தொன்பது பேரும் வந்து எழுதினார்கள். நிறையப் பேரை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். நல்ல மரியாதை தெரிந்தவர்கள். ஒருவர் வரும்போது திருநெல்வேலி அல்வா வாங்கிக்கொண்டு வந்தார்.

அந்தப் பயிற்சி நிறுவனத்து வேலை என்ன ஆயிற்று என்றுதானே கேட்கிறீர்கள்? எங்கள் கல்லூரிக்குத்தான் கிடைத்தது. மஸ்கட்காரர். ஊருக்கே திரும்பி வந்துவிட்டார், இந்த மாதம் சேர்ந்திருக்கிறார். போன வாரம் போன் பண்ணினார். புள்ளியியல் எடுக்கச் சொல்கிறார்கள் சார், ஏதாவது நோட்ஸ் இருக்குமா என்று கேட்டார். என் நோட்டை ஜெராக்ஸ் எடுத்துக் கூரியரில் அனுப்பி வைத்தேன். பழைய மாணவர் கேட்டால் இல்லை என்று சொல்ல முடியுமா? எங்கள் கல்லூரியில் உருவான ஒருவர் நாளைய ஆசிரியர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். இதற்குத்தானே அண்ணாச்சி நாங்கள் இருக்கிறோம்.

அவளா? எங்கேயும் போய்விடவில்லை. போன திங்கட்கிழமை வந்திருந்தாள். மறு வருஷத்துக்குப் பதிவு பண்ணிவிட்டாள். ஜூலையில் எந்தத் தேதி சார் திறக்கும் என்று கேட்டாள். வேலைதான் போய்விட்டதே, இனி எதற்கம்மா என்றேன். பாதியில விட்டா எப்படி சார் என்கிறாள். இன்னொரு வருஷம். காலை பத்து மணிக்கு. என் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

ஒன்று செய்திருக்கிறேன். இந்த வருஷம் பிஎச்.டி. நுழைவுத் தேர்வு எழுதலாம் என்று ஒரு எண்ணம். அதற்கு ஆராய்ச்சி முறையில் இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போக வேண்டும். அவளைச் சும்மா உட்கார வைக்காமல், இப்போதே ஆறு செமினார் தலைப்பு எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். வாங்கிக்கொண்டு போனாள். ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

இதோ, அந்தக் குவாரி தெரிகிறது. நான் இறங்க வேண்டும். இந்தக் கார்டை வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் என் நம்பர் இருக்கிறது. மருமகளிடம் கேட்டு எனக்கு ஒரே ஒரு விஷயம் மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வருகிறேன் என்கிற ஆளா, வரமாட்டேன் என்கிற ஆளா? வருகிறேன் என்றால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. வராமல் இருந்தால், வருகைக்கு நான் பொறுப்பு.